திண்டுக்கல் மலைக்கோட்டை: எந்த வருஷத்துக் கோட்டை வேணும்?

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. பூட்டு, பிரியாணி பத்தி இதுல ஒண்ணும் கிடையாது. திண்டுக்கல்னு பார்த்ததும் "தலப்பாக்கட்டி"ன்னு பின்னூட்டம் போட கை துறுதுறுக்கிற மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கணும் :-)

வேலை விஷயமா மூணு மாசம் புடாபெஸ்ட்டில் இருந்தேன். டான்யூப் நதிக்கு ஒரு பக்கம் புடா, மறுபக்கம் பெஸ்ட். புடா பக்கம் ஒரு குன்று, அதன் மேலே ஹங்கேரி ராஜாக்களின் அரண்மனையும் பழைய ஊரும். ஞாயித்துக்கிழமை வேற போக்கிடம் இல்லாததால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கூட வேலை பார்த்த ஹங்கேரிக்காரர் ஒருவர் ஒரு நாள் வந்து சுற்றிக் காட்டினார். பாதி இடத்தில் கிரேன், தகரத் தடுப்பு. "புதுசா ஏதோ கட்டறீங்க போல"ன்னு கேட்டேன். "புதுசா இல்ல, பழசா கட்டறோம்"னார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "உங்க ஊர்ல கோட்டை உண்டா?"

உண்டுன்னு பெருமையா சொன்னேன். யார் கட்டினது, எப்போ, உள்ளே என்ன இருக்குன்னு அடுத்தடுத்து கேட்டார். முழிச்சேன். எங்க வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணுக்கு முன்னாடி நிற்கிற மலை. நான் கடைசியாக மேலே ஏறியது ஏழாம் வகுப்பில், புளிசாதம் கட்டிக்கொண்டு போன பள்ளிச் சுற்றுலா. ஞாபகத்தில் இருப்பது புளிசாதம் மட்டும்தான்.

சரி, முதலில் புடா கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். பின்னாடி தேவைப்படும்.

1241-42ல் மங்கோலியர்கள் ஹங்கேரியைச் சூறையாடிவிட்டுப் போன பிறகு, நான்காம் பேலா என்ற ராஜா இனிமேல் குன்றுமேல்தான் பாதுகாப்பு என்று அங்கே கோட்டை கட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டில் மத்தியாஸ் ராஜா காலத்தில் அது ஐரோப்பாவின் பெரிய அரண்மனைகளில் ஒன்று. 1541ல் துருக்கியர்கள் பிடித்தார்கள். 1686ல் அவர்களிடமிருந்து மீட்கும் சண்டையில் அரண்மனை தரைமட்டம். பிறகு ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் தங்கள் பாணியில் வேறொன்றைக் கட்டியது. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இப்ல், ஹௌஸ்மன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் பிரம்மாண்டமாக விரித்தார்கள். 1944 டிசம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரை நடந்த முற்றுகையில் அதுவும் எரிந்தது. அடுத்து வந்த கம்யூனிஸ்ட் அரசுக்கு ஹாப்ஸ்பர்க் ஆடம்பரத்தின் மேல் பிரியம் கிடையாது. உள்ளே இருந்த ராஜ அறைகளை வழித்தெடுத்துவிட்டு மியூசியமும் நூலகமும் வைத்தார்கள், கோபுரத்தை எளிமையாக்கினார்கள். ஆனால் இடிபாட்டுக்கு அடியில் தோண்டியபோது கிடைத்த மத்தியகாலச் சுவர்களை மட்டும் ஆசை ஆசையாக எடுத்துக் கட்டினார்கள். 1987ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. 2019ல் ஹங்கேரி அரசு 'தேசிய ஹௌஸ்மன் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, போருக்கு முன்னால் இருந்த கட்டடங்களைப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தது. கம்யூனிஸ்ட் காலத்தில் இடித்த குதிரையேற்ற மண்டபம் திரும்ப எழுந்தது. அரண்மனைக்குள் புனித ஸ்டீபன் மண்டபம் 2021 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. "நவீன கட்டடத்துக்குப் பழைய முகமூடி மாட்டுறாங்க, இது வரலாறா சினிமா செட்டா"ன்னு அந்த ஊரிலேயே ஒரு கோஷ்டி கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சுற்றிக் காட்டியவர் கத்துகிற கோஷ்டி. ஆனால் அவர் அப்பாவுக்கு அந்த மண்டபத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம்.

ஊருக்கு லீவில் வந்ததும் முதல் வேலையாக மலை ஏறினேன். கிளம்பும்போது அப்பத்தா வாசலில் உட்கார்ந்திருந்தது.

"எங்கடா வெயில்ல?"

"மலைக்கோட்டைக்கு அப்பத்தா."

"சாமி இல்லாத கோயிலுக்குப் போயி என்னத்தடா பாக்கப் போற?"

இந்தக் கேள்விக்கு அப்புறம் வர்றேன்.

படி ஏறும்போது ஒரு கணக்கு. மலையின் உயரம் 900 அடி என்று இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் வெட்ட வைத்ததாகச் சொல்லும் படிகள் 600. ஒரு படி அரை அடி என்று வைத்தாலும் 300 அடிதானே வருது? ஊர்த் தரையிலிருந்து அவ்வளவுதான் இருக்கும். யாரோ ஒருத்தர் எழுதினதை எல்லாரும் காப்பி பேஸ்ட் பண்ணியிருக்கோம், இது புதுசா என்ன :-) ஆனால் ஒன்று, 900 அடி இல்லையே தவிர மூச்சு வாங்குவதில் குறைவில்லை. படிகள் பாறையிலேயே செதுக்கியவை. உயரம் குறைவு, ஏறுவது சுலபம். மழைத் தண்ணி ஓட வழி விட்டிருக்கிறார்கள். தலையணைத் திண்டு மாதிரி இருக்கிற கல், அதனால் திண்டுக்கல் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏறும்போது திண்டு தெரியாது, வெறும் பாறைதான் தெரியும். திண்டைப் பார்க்கணும்னா பழனி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கணும்.

இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்கர்களில் முத்துக் கிருஷ்ணப்பர். 1605 என்று வருஷம் சொல்வார்கள். அதைப் பலப்படுத்தியவர் திருமலை நாயக்கர் (1623-1659). ஏன் இங்கே கோட்டை என்பதற்கு மேலே ஏறினால் பதில் கிடைத்துவிடும். ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே பழனி மலை, கொடைக்கானல். மைசூர், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு படை மதுரைக்கு வரணும்னா இந்த இரண்டு மலைக்கும் நடுவில் இருக்கிற சமவெளி வழியாகத்தான் வரணும். அதன் நடுவில் திண்டு. மேலே நாலு பேர் நின்றால் ஒருநாள் நடை தூரத்துக்குப் புழுதி தெரியும். மதுரைக்கு இது வாசல்கதவு. எங்க ஊர் பூட்டுக்குப் பேர் போனது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமான தற்செயல். (பூட்டு பத்திப் பேச மாட்டேன்னு சொன்னேன் இல்ல? மன்னிச்சுக்கங்க.)

1736ல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. சந்தா சாகிப் கைக்குக் கொஞ்சகாலம் போய், 1740களில் மைசூர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1755ல் மைசூர் அரசு இங்கே பவுஜ்தாராக ஒரு ஆளை அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத, முப்பது தாண்டிய ஒரு படைத்தலைவர். பேர் ஹைதர் அலி.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லணும். ஹைதர் அலி என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அவர் ஹைதர் அலி ஆனது திண்டுக்கல்லில். சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்கத்தான் அனுப்பினார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்து அவர்கள் மேற்பார்வையில் ஆயுதக்கிடங்கும் பீரங்கிப்படையும் அமைத்தார். அடுத்த ஆறே வருஷத்தில், 1761ல், மைசூர் அவர் கையில்.

இதற்கெல்லாம் பணம்? மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாறு எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. பாளையக்காரர்களோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க மைசூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தாராம். உண்மையில் காயம்பட்டவர்கள் அறுபது எழுபது பேர். ஹைதர் எழுநூறு பேருக்குக் கையிலும் காலிலும் மஞ்சள் தடவிய துணியைச் சுற்றிப் படுக்க வைத்துவிட்டார். எல்லாருக்கும் காசு. இன்னொன்று, படைக்கணக்கு எடுக்கும்போது சிப்பாய்களை வட்டமாக நடக்க வைப்பது. எண்ணப்பட்டவன் சுற்றிவந்து திரும்பவும் எண்ணப்படுவான். பத்தாயிரம் பேர் பதினெட்டாயிரம் ஆனார்கள் என்கிறார் வில்க்ஸ். எதிரி எழுதின வரலாறு, கொஞ்சம் மசாலா இருக்கும். ஆனால் எங்க தொழிலில் இருக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது. பத்து பேரை வைத்துக்கொண்டு பதினெட்டு பேருக்கு பில் போடுவதை நாங்க புதுசா கண்டுபிடிச்சதா நினைச்சிருந்தேன். 250 வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊர் மலையடிவாரத்தில் நடந்திருக்கு :-)

ஹைதரின் தங்கை கணவர் மீர் ரசா அலி கான் பின்னால் இங்கே நிர்வாகம் பார்த்தார். அந்தத் தங்கை இங்கேயே இறந்துபோனதாகவும், அவர் அடங்கிய இடம்தான் பேகம்பூர் என்றும் சொல்வார்கள். பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குப் போனால் அந்தக் கல்லறை இருக்கிறது. நான் அந்த வழியாகத்தான் டியூஷனுக்கு சைக்கிளில் போவேன். அந்தப் பேருக்குள் ஒரு பொண்ணு இருக்குன்னு அப்போ யோசித்ததே இல்லை.

சிவகங்கைக்கும் இந்தக் கோட்டையில் ஒரு பங்கு உண்டு. 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் தங்கியது திண்டுக்கல்லுக்கு மேற்கே விருப்பாச்சியில். எட்டு வருஷம். ஹைதரிடம் உதவி கேட்டு, 1780ல் திரும்பப் போய் சிவகங்கையைப் பிடித்தார். அதே விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801ல் கம்பெனிக்காரர்கள் தூக்கில் போட்டார்கள். அந்த இடம்தான் கோபாலசமுத்திரம் என்கிறது ஊர். குளக்கரையில் கடலை வாங்கித் தின்றதுதான் நமக்குத் தெரியும்.

கோட்டையைக் கம்பெனி மூன்று தடவை பிடித்தது. 1768ல் கர்னல் உட் பிடித்தார், அந்த வருஷ முடிவிலேயே ஹைதர் திரும்ப வாங்கிவிட்டார். 1783ல் கர்னல் லாங் பிடித்தார், 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது 1790 ஆகஸ்ட். இதுதான் சுவாரசியம். கர்னல் ஸ்டூவர்ட் சுவரை உடைத்து ஒரு சின்ன வழி பண்ணுவதற்குள் கையிலிருந்த குண்டு கிட்டத்தட்ட தீர்ந்துபோய்விட்டது. வேறு வழியில்லாமல் ராத்திரியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். விடிந்தால் என்ன செய்வதென்று வெள்ளைக்காரன் கையைப் பிசைந்துகொண்டிருக்க, காலையில் கோட்டையில் வெள்ளைக்கொடி! அடுத்த தாக்குதலுக்குத் தாங்காது என்று உள்ளே இருந்தவர்கள் பயந்து சரணடைந்துவிட்டார்கள். கீழே மருந்து இல்லை என்பது மேலே தெரியாது. இவ்வளவு உயரத்தில் இருந்து சுற்றிலும் பார்க்க முடிகிற ஒரு கோட்டை, கடைசியில் விழுந்தது எதிரியின் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாததால்.

1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போனது. அதற்கப்புறம் இந்தக் கோட்டைக்குப் பெரிய சண்டை இல்லை. எதிரி இல்லாத கோட்டைக்குச் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. மெதுவாகப் பாழானது.

இப்போது மேலே என்ன இருக்கிறது? அடியில் கருங்கல்லும் மேலே செங்கல்லுமாகச் சுவர், பீரங்கி நீட்ட ஓட்டைகள், ஒன்றிரண்டு பீரங்கி. காற்றுக்கு வழி விட்டுத் தடித்த சுவரோடு கட்டிய கிடங்குகள். வெளியே சித்திரை வெயில், உள்ளே போனால் ஜில்லென்று இருக்கிறது. வெடிமருந்தைச் சூடாகாமல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு எங்க ஆபீஸ் சர்வர் ரூமைக் கொடுத்திருக்கலாம். கைதிகளை அடைத்ததாகச் சொல்லும் அறைகள். பாறைக்குழிவில் மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகள். எல்லா அறைச் சுவரிலும் கரித்துண்டால் அம்பு விட்ட இதயம், சரவணன், கவிதா வகையறா. இந்தியத் தொல்லியல் துறை நீலப் பலகை வைத்திருக்கிறது, புல் வெட்டுகிறது, விழுந்த இடத்தைச் சுண்ணாம்பு வைத்துப் பூசுகிறது. அவ்வளவுதான். ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. புடாவில் மண்டபத்தையே திரும்பக் கட்டுகிறான், இங்கே பாதிச் சுவரை பாதிச் சுவராகவே விட்டிருக்கிறார்களே என்று.

அப்புறம் படித்தேன். அது சோம்பேறித்தனம் இல்லை, கொள்கை. ஜான் மார்ஷல் (ஆமாம், மொகஞ்சதாரோ மார்ஷலேதான்) 1923ல் பாதுகாப்புக் கையேடு ஒன்று வெளியிட்டார். அதன் சாரம், இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கற்பனையில் கட்டாதே. உடைந்த சிற்பத்துக்கு நீ புது மூக்கு வைத்தால், பின்னால் வருகிறவனுக்கு எது அவன் செதுக்கினது எது நீ செதுக்கினது என்று தெரியாது. 1958ம் வருஷச் சட்டம், அதற்கு 2010ல் வந்த திருத்தம் (நூறு மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது) எல்லாம் பெரும்பாலும் இந்த மனநிலையில் வந்தவை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த நாள் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன், நாயக்கர் மகால். 1636ல் திருமலை நாயக்கர் கட்டினது. நாம் இன்று பார்ப்பது சொர்க்க விலாசமும் அதை ஒட்டிய பகுதியும்தான், மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு என்பார்கள். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கேயிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார். தாத்தா வீட்டு நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போகிற பேரன்கள் எல்லாக் காலத்திலும் உண்டு போல. மிச்சம் இருந்ததும் இடிந்து, மேலே வீடும் தறியும் முளைத்துவிட்டன. 1866லிருந்து 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு (நம்ம நேப்பியர் பாலம்) இதைப் பார்த்துவிட்டுப் பணம் ஒதுக்கினார். சேப்பாக்கம் செனட் ஹவுஸ் கட்டிய சிசம்தான் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். சும்மா அழகுக்காக மட்டும் செய்யவில்லை, அங்கே ஜில்லா கோர்ட்டு வைத்தார்கள். 1970 வரை அங்கேதான் கோர்ட்டு. ராஜா தர்பார் நடத்திய இடத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டு இல்லாவிட்டால் அந்தத் தூண்களும் இருந்திருக்காது என்பது என் எண்ணம். கட்டடத்துக்கு ஒரு வேலை இருந்தால்தான் கூரை ஒழுகும்போது யாராவது கத்துவார்கள்.

மகாலைப் பார்த்துவிட்டு அப்படியே விளக்குத்தூண் பக்கம் நடந்தால் பத்துத்தூண் சந்து. அரண்மனையின் ஏதோ ஒரு மண்டபத்துத் தூண்கள், பத்து, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், துணிக்கடைகளுக்கும் வயர்களுக்கும் நடுவில் நிற்கின்றன. மேலே கூரை கிடையாது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புடாபெஸ்ட்காரன் பார்த்தால் வேலி போட்டு டிக்கெட் கொடுத்திருப்பான். எனக்கு என்னமோ மகாலைவிட அந்தச் சந்துதான் பிடித்திருந்தது.

இப்போ அப்பத்தா கேள்விக்கு வர்றேன்.

மலை உச்சியில் ஒரு கோவில் இருக்கிறது. தூண், மண்டபம், கருவறை எல்லாம் இருக்கிறது. சாமி இல்லை. அது பத்மகிரீஸ்வரர், அபிராமி அம்மன் கோவில். மலைக்குப் பத்மகிரி என்று பேர். அந்த சாமி மேல் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் 'பத்மகிரிநாதர் தென்றல்விடு தூது' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். அப்படிப்பட்ட சாமி இப்போது கீழே ஊருக்குள். ஹைதர், திப்பு காலத்தில் மலை முழு ராணுவ முகாமாக இருந்தபோது, கும்பிடப் போகிற சாக்கில் யார் வேண்டுமானாலும் கோட்டைக்குள் போகலாம் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காகக் கீழே இறக்கியதாகச் சொல்வார்கள். இறக்கியது யார் என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். கீழே காளகஸ்தீஸ்வரர் கோவிலில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அதனால்தான் எங்க ஊர்க் கோவிலில் இரண்டு சிவன், இரண்டு அம்மன். காளகஸ்தீஸ்வரர் ஞானாம்பிகை வீட்டுக்காரர்கள், பத்மகிரீஸ்வரர் அபிராமி குடிவந்தவர்கள். ஆனால் ஊரில் எல்லாரும் சொல்வது அபிராமி அம்மன் கோவில் என்றுதான். குடிவந்தவள் பேரில் வீடு!

மேலே திரும்பவும் அபிராமியைப் பிரதிஷ்டை செய்யணும் என்பது ஊரில் ரொம்ப நாள் கோரிக்கை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிறார்கள். அப்பத்தா முட்டி ஒத்துழைத்த வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. தொல்லியல் துறையின் பதில் எப்போதும் ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுக்கும்போது எங்கே வழிபாடு நடந்ததோ அங்கே அது தொடரலாம், எங்கே நின்றுபோயிருந்ததோ அங்கே புதிதாகத் தொடங்கக் கூடாது. தஞ்சாவூர் பெரியகோவிலில் பூஜை நடக்கும், திண்டுக்கல் மலைமேல் நடக்காது. காரணம் இதுதான்.

நான் துறை கட்சி. வீட்டில் சாப்பிடும்போது விளக்கிப் பார்த்தேன்.

"அப்பத்தா, ஒரு இடத்தைப் பழைய மாதிரி ஆக்கணும்னா எந்தப் பழசுன்னு ஒரு கேள்வி இருக்கு. நாயக்கர் காலத்துப் பழசா, ஹைதர் காலத்துப் பழசா, வெள்ளைக்காரன் பழசா? ஒண்ணைக் கொண்டுவரணும்னா இன்னொண்ணை அழிக்கணும்."

எங்க தொழிலில் இது தினப்படி தலைவலி. பழைய வெர்ஷனுக்குப் போகணும் என்று எல்லாரும் ஈசியா சொல்லிவிடுவார்கள். எந்தப் பழைய வெர்ஷன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புடாவில் நடந்ததும் அதேதான். கம்யூனிஸ்ட்களுக்கு ஹாப்ஸ்பர்க் வேண்டாம், மத்தியகாலம் வேணும். பின்னால் வந்தவர்களுக்குக் கம்யூனிஸ்ட் காலம் வேண்டாம், ஹௌஸ்மன் வேணும். குன்று ஒன்றுதான், கேட்கிற ஆள் மாற மாற வருஷம் மாறுகிறது. எங்க மலையிலும் கோவிலை மட்டும் எழுப்பினால், ஹைதரின் கிடங்கு வேண்டாதது ஆகிவிடும். கிடங்கு மட்டும்தான் வரலாறு என்றால் கோவில் வேண்டாதது. அடுத்த வருஷம் யாராவது வந்து மசூதி இருந்தது, மாதாகோவில் இருந்தது என்பார்கள். அப்படியே விடுவதுதான் எல்லாருக்கும் நியாயம் என்று என் வாதம்.

அப்பத்தா முழுசாகக் கேட்டது. குறுக்கே பேசவே இல்லை. கடைசியில்,

"அப்ப பீரங்கி மேல இருக்கலாம். அவ இருக்கக் கூடாது. அப்படித்தானய்யா?"

"அப்படி இல்ல அப்பத்தா..."

"நீ சொன்னது அப்படித்தான் இருக்கு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரமாக யோசித்தும் இல்லை. சட்டப்படி பதில் இருக்கிறது. பீரங்கியை யாரும் கும்பிடுவதில்லை, அதற்குப் பூசாரி வேண்டாம், உண்டியல் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், வரிசையில் தள்ளுமுள்ளு வராது, பாறையை உடைத்து ரோடு போடச் சொல்லி மனு வராது. இதெல்லாம் சரியான காரணங்கள்தான். நாளைக்கே கோவில் திறந்தால் அந்த ஜில்லென்ற கிடங்கு செருப்பு வைக்கிற இடம் ஆகிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும், காலியாக இருக்கிற கருவறையைக் காலியாகவே காப்பாற்றுவது என்றால், சாமியை இறக்கியவன் எடுத்த முடிவைத்தானே நாம் காவல் காக்கிறோம்? மார்ஷல் கையேட்டில் இதற்கு விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நண்பர்கள் யாராவது யோசித்திருந்தால் சொல்லுங்கள். சண்டை போடுவதாக இருந்தால் மரியாதையாகப் போடவும், அப்பத்தாவுக்கு நான் எல்லாப் பின்னூட்டத்தையும் படித்துக் காட்டுகிறேன்.

மலையிலிருந்து இறங்கின அன்றைக்கு சாயங்காலம் காவலாளி விசிலடித்து எல்லாரையும் கிளப்பினார். கீழே கோட்டை மாரியம்மன் கோவில் ஸ்பீக்கர், பேகம்பூர் பக்கமிருந்து பாங்கு, பஸ் ஸ்டாண்டு ஹாரன், மூன்றும் சேர்ந்துதான் மேலே கேட்கும். வீட்டுக்கு வந்து போனில் எடுத்த படங்களை அப்பத்தாவிடம் காட்டினேன். சுவர், பீரங்கி, சுனை எல்லாவற்றையும் "ம்... ம்..." என்று தள்ளிக்கொண்டே வந்தது. கருவறைப் படத்தில் நிறுத்திவிட்டது. பெரிசு பண்ணச் சொல்லியது. பண்ணினேன். நான் எடுக்கும்போது கவனிக்காத ஒன்று, வாசற்படிக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம். பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள்.

"சூடம் ஏத்தியிருக்காங்க பாரு"ன்னுச்சு அப்பத்தா. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தது.